அடைக்கலப் பட்டணம்: லெ ஷம்போன் சபையின் நெருக்கடிக் காலம்



நெருக்கடிக் காலத்தில் கிறிஸ்தவ விசுவாச வாழ்க்கை என்பது இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். இந்தப் பொருளில் பேசச் சொன்னால் பொதுவாக நம் நெருக்கடிகளைப் பற்றியே பேசுவோம். தீராத நோய், அடைபடாத கடன், வேலை கிடைக்காத பிள்ளை, குடும்பத்தில் எதிர்பாராமல் வந்த சாவு. இவற்றின் நடுவே கர்த்தர் எப்படித் தாங்கினார் என்று சாட்சி சொல்வோம். அந்தச் சாட்சிகள் உண்மையானவை, அவற்றால் ஆறுதல் பெற்றவர்களில் நானும் ஒருவன். என்றாலும் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு வகையான நெருக்கடி. அது ஒரு சபைக்கு நேராக வந்த துன்பமல்ல. முன்பின் தெரியாத, வேற்று மொழி பேசிய, வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த மனிதர்களுக்கு வந்த துன்பம். அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்தச் சபையார் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் இருந்ததற்குத்தான் தண்டனை இருந்தது.

அந்தச் சபை பிரான்சு நாட்டின் தென்நடுப் பகுதியில், ஒத்-லுவார் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லெ ஷம்போன்-ஸூர்-லின்யோன் என்ற ஊரில் இருக்கிறது. லின்யோன் என்பது அங்கே ஓடும் ஆறு. குளிர்காலம் நீண்டது, பனியை வாரி இறைக்கும் காற்றுக்கு அந்த மேட்டுநிலத்து மக்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மண் வளமானதல்ல. உருளைக்கிழங்கும் கொஞ்சம் தானியமும் கறவை மாடுகளும்தான் பிழைப்பு. கோடையில் விருந்தினர் வந்து தங்கும் விடுதிகளால் சிறிது வருமானம் உண்டு. 1893 முதல் சேன்-எத்தியென் என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தின் ஏழைப் பிள்ளைகளைக் கோடையில் அழைத்துவந்து இந்த மேட்டுநிலத்துப் பண்ணை வீடுகளில் தங்கவைக்கும் வழக்கம் இருந்தது. லூயி கோம்த் என்ற போதகர் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. சுரங்கப் புகையில் வளர்ந்த பிள்ளைக்கு நல்ல காற்றும் பாலும் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். பிறர் பிள்ளைக்கு வீட்டில் ஒரு படுக்கை போடுவது ஐம்பது ஆண்டுப் பழக்கமாக அந்த ஊரில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முந்தைய நினைவு ஒன்று உண்டு. பிரான்சு பெரும்பாலும் கத்தோலிக்க நாடு. இந்த ஊர் மக்களில் பெரும்பாலோர் ஊகெனோத்தியர் எனப்படும் சீர்திருத்தச் சபையார். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் நாந்த் அரசாணையை ரத்து செய்தபோது அவர்களுடைய வழிபாடே குற்றமாயிற்று. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், தூக்கிலிடப்பட்டார்கள், விசுவாசிகளான ஆண்கள் துடுப்பு வலிக்கும் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காட்டிலும் குகையிலும் கூடி ஜெபித்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் இந்த ஊரார். மாரி துரான் என்ற பெண்ணின் பெயரை அங்கே எல்லாப் பிள்ளைகளும் தெரிந்து வைத்திருந்தார்கள். 1730இல் இளம்பெண்ணாகச் சிறைப்பட்டு, 38 ஆண்டுகள் ஏக்-மோர்த் ஊரின் கோபுரச் சிறையில் இருந்துவிட்டு 1768இல் வெளியே வந்தவர். விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்போதோ விடுதலை கிடைத்திருக்கும். சிறையின் கல்லில் 'எதிர்த்து நில்' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அது மாரி துரான் செதுக்கியது என்பது மரபு.

துன்பப்பட்ட பரம்பரை என்பதாலேயே ஒரு சமூகம் பிறர் துன்பத்தைப் புரிந்துகொள்ளும் என்று நான் நம்பவில்லை. உலக வரலாற்றில் எதிர்மாறான உதாரணங்கள் நிறைய உண்டு. பட்ட அடியைச் சொல்லிச் சொல்லியே அடுத்தவனை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நினைவை எந்தப் பக்கம் திருப்புவது என்று கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். லெ ஷம்போனுக்கு அந்த ஆள் 1934இல் வந்தார்.

ஆந்த்ரே த்ரோக்மே 1901இல் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜெர்மானியர். பத்து வயதில் ஒரு கார் விபத்தில் தாயைப் பறிகொடுத்தார். காரை ஓட்டியவர் தந்தை. முதல் உலகப் போரின்போது அவர்கள் ஊரை ஜெர்மன் படை பிடித்திருந்தது. அப்போது ஆயுதம் தொட மறுத்த ஒரு ஜெர்மன் சிப்பாயை அந்தச் சிறுவன் சந்தித்தான். எதிரி என்று சொல்லப்பட்ட படைக்குள்ளேயே கிறிஸ்துவின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்ட ஒரு மனிதன் இருக்க முடியும் என்ற அந்த அனுபவம் அவரை விட்டு நீங்கவில்லை. நியூயார்க்கில் இறையியல் படித்தபோது மக்தா என்ற இத்தாலியப் பெண்ணைச் சந்தித்து மணந்துகொண்டார். பிரான்சு திரும்பிப் போதகரானார். போர் எந்த வடிவிலும் பாவம் என்று பிரசங்கித்த போதகரைப் பெரிய சபைகள் விரும்பவில்லை. சபைத் தலைமைக்கும் அவர் தலைவலியாக இருந்தார். லெ ஷம்போன் போன்ற மலைச் சபைக்கு அவர் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

வந்தவர் இரண்டு காரியங்களைச் செய்தார். 1938இல் எத்வார் தெயிஸ் என்ற சக போதகருடன் சேர்ந்து அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். செவெனோல் பள்ளி என்று பின்னால் பெயர் பெற்றது. தெயிஸ் அதன் தலைமை ஆசிரியர், எட்டுப் பெண் பிள்ளைகளின் தகப்பன். இன்னொரு காரியம் வெளியே தெரியாதது, என் கருத்தில் அதுதான் முக்கியமானது. சபையை 13 வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்தார். அந்தப் பொறுப்பாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதகர் வீட்டில் கூடி ஒரு வேதப்பகுதியை எடுத்துப் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், வாதாடுவார்கள். பிறகு தங்கள் வட்டத்துக்குப் போய் வீடுகளில் அதே பகுதியை நடத்துவார்கள். வட்டத்தில் யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை, யார் வாயடக்கமானவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். யூதர்களை ஒளித்துவைக்கும் நாள் வந்தபோது புதிதாக எந்த இயக்கமும் கட்ட வேண்டியிருக்கவில்லை. வேதபாட வட்டமே அந்த வேலையைச் செய்தது. ஒரு பொறுப்பாளருக்கு அடுத்த வட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே பிடிபட்டாலும் காட்டிக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

1940 ஜூன் 22ஆம் தேதி பிரான்சு ஜெர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நாடு தோற்றுவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோல்விக்கு மறுநாள் ஒரு போதகர் என்ன பிரசங்கம் செய்வார்? நாடு செய்த பாவத்துக்குத் தண்டனை என்று புலம்பலாம், கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று தேற்றலாம். த்ரோக்மேயும் தெயிசும் மனத்தாழ்மையோடு தொடங்கினார்கள். தோல்விக்கான பழியை அடுத்தவர் மேல் போடாதீர்கள் என்றார்கள். அதன் பின் சொன்னதைத்தான் அந்த மலைமக்கள் மறக்கவில்லை. மனச்சாட்சிக்கு எதிராக வரும் வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்பது கிறிஸ்தவர் கடமை, சுவிசேஷத்துக்கு மாறான கட்டளை வந்தால் கீழ்ப்படிய மாட்டோம், அதைப் பயமில்லாமலும் பெருமையில்லாமலும் வெறுப்பில்லாமலும் செய்வோம் என்பதே அதன் சாரம். அன்று அந்த ஊரில் ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட இல்லை, யூதருக்கு எதிரான முதல் பெரிய சட்டம் வர இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. தேவை வருமுன்பே தீர்மானம் ஆகிவிட்டது.

முதல் சோதனைகள் சின்னவையாகத்தான் வந்தன. தோல்விக்குப் பின் மார்ஷல் பெத்தான் தலைமையில் அமைந்த விஷி அரசு, பள்ளிகளில் கொடிக்கு ஒரு குறிப்பிட்ட விதத்தில் வணக்கம் செய்யச் சொன்னது. அது பாசிச வணக்கத்தைப் போல் இருந்ததால் செவெனோல் பள்ளியில் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. மார்ஷலுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்தார்கள். அரசு விழா ஒன்றுக்காக ஆலய மணியை அடிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஆலயத்தைப் பராமரித்து வந்தவர் அமெலி என்ற எளிய பெண்மணி. கேட்டு வந்தவர்களிடம், மணி மார்ஷலுக்குச் சொந்தமில்லை, கடவுளுக்குச் சொந்தம் என்று சொல்லி அடிக்க மறுத்துவிட்டார். இதையெல்லாம் அற்பக் காரியம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சின்னக் காரியத்தில் முடியாது என்று சொல்லிப் பழகிய வாய்க்குத்தான் பெரிய காரியத்திலும் அந்தச் சொல் எழும்.

இனி மக்தா த்ரோக்மேயின் அடுக்களைக்கு வருவோம். 1940-41 குளிர்காலத்தில் ஒரு மாலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதவு தட்டப்பட்டது. திறந்தால் உடலெல்லாம் பனி படிந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றார் மக்தா, உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்தார். ஊறிப்போன காலணிகளைக் காயட்டும் என்று அடுப்பில் வைத்தார். பிறகு ஊர்த் தலைவரிடம் ஓடினார். நிலைமையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடையாளச் சீட்டும் ரேஷன் அட்டையும் கொடுத்துவிடுவார் என்று நினைத்தார். தலைவர் பதறிப்போனார். ஓர் அந்நிய யூதருக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவதா, உடனே அனுப்பிவிடுங்கள் என்றார். வீடு திரும்பினால் அடுப்பில் வைத்த காலணிகள் கருகிப் போயிருந்தன. போர்க்காலத்தில் தோல் காலணி கிடைப்பது குதிரைக்கொம்பு. வீடு வீடாகப் போய் எப்படியோ ஒரு ஜோடி வாங்கி வந்து, அந்தப் பெண்ணை நம்பகமான வேறோர் இடத்துக்கு அனுப்பினார். வந்தவரை அனுப்ப வேண்டியதாகிவிட்டதே என்ற வருத்தம் மக்தாவுக்குக் கடைசிவரை இருந்தது. ஒன்றை மட்டும் அன்று கற்றுக்கொண்டார். அடுத்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். த்ரோக்மே மார்செய்ல் நகருக்குப் போய், குவேக்கர் சபையைச் சேர்ந்த பேர்ன்ஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். தெற்கே தடுப்பு முகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பணிசெய்ய முகாமுக்கே போய்விட விரும்பினார். சால்மர்ஸ் சொன்ன பதில் அவரைத் திருப்பியது. முகாமிலிருந்து பிள்ளைகளை வெளியே எடுக்க எங்களால் முடியும், எடுத்த பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் ஊர் கிடைக்கவில்லை, நீங்கள் அந்த ஊராக இருக்க முடியுமா என்று கேட்டார். சபை மன்றம் கூடி ஒப்புக்கொண்டது. சுவிட்சர்லாந்து உதவி அமைப்பு அங்கே பிள்ளைகளுக்கான இல்லங்களைத் திறந்தது. அப்படி ஓர் இல்லத்தில் தங்கிச் செவெனோல் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் அலெக்சாண்டர் க்ரோதெண்டிக். 20ஆம் நூற்றாண்டின் பெரும் கணிதமேதைகளில் ஒருவர். அவருடைய தந்தை அவுஷ்விட்சில் மாண்டார்.

1942 ஜூலையில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களை, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து, பிரெஞ்சுப் போலீசே வளைத்துப் பிடித்தது. அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர் துறைச் செயலர் ழோர்ஜ் லமிரான் லெ ஷம்போனுக்கு வந்தார். செவெனோல் பள்ளியின் மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிசில் நடந்ததை அறிவோம், இங்கும் அது நடக்கும் என்று அஞ்சுகிறோம், எங்களோடு யூதர்கள் இருக்கிறார்கள், யூதர் யூதரல்லாதார் என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம், அவர்களைக் கொண்டுபோக ஆணை வந்தால் எங்களால் முடிந்தவரை ஒளித்துவைப்போம் என்று எழுதியிருந்தார்கள். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தது இது. மாவட்ட ஆட்சியாளர் த்ரோக்மேயைக் கடிந்துகொண்டார். சில நாளில் போலீஸ் வந்து யூதர் பட்டியலைக் கேட்டது. இவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் தர மாட்டேன், என்னிடம் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு நான் மேய்ப்பன் என்றார் த்ரோக்மே.

அந்த ஆகஸ்டு கடைசியில் காலிப் பேருந்துகளோடு போலீஸ் ஊருக்குள் நுழைந்தது. ஒவ்வொரு தேடுதலுக்கும் முன்னால் போதகர் வீட்டுத் தொலைபேசியில் பெயர் சொல்லாத ஒரு குரல் எச்சரிக்கும் என்று பின்னாளில் சொன்னார்கள். அந்தக் குரல் யாருடையது என்பது தெரியவேயில்லை. அரசு அலுவலகத்துக்குள்ளேயே மனச்சாட்சியுள்ள ஒருவர் இருந்திருக்க வேண்டும். செய்தி வந்ததும் 13 வட்டங்களும் இயங்கின. அகதிகள் காட்டுக்கும் எட்டத்திலிருந்த பண்ணைகளுக்கும் போய்விட்டார்கள். போலீஸ் வாரக்கணக்கில் தங்கித் தேடியும் பேருந்துகள் நிறையவில்லை. முதல் நாள் பிடிபட்டுப் பேருந்தில் ஏற்றப்பட்டவர் ஒருவர்தான். அவர் தனியாக உட்கார்ந்திருந்த பேருந்தை ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக ஜன்னல் வழியே எதையாவது நீட்டினார்கள். த்ரோக்மேயின் மகன் ழான்-பியேர் தன் பங்கு சாக்லேட்டைக் கொடுத்தான். அவரும் பிறகு விடுவிக்கப்பட்டார். போலீஸ் போனபின் ஊரார் காட்டு விளிம்புக்குப் போய் ஒரு பாட்டைப் பாடுவார்கள். அதைக் கேட்டால் வீடு திரும்பலாம் என்று ஒளிந்திருந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

1943 பிப்ரவரி 13 அன்று மாலை, த்ரோக்மேயைக் கைது செய்ய இரண்டு போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. மக்தா அவர்களைக் காத்திருக்கச் சொன்னார். த்ரோக்மே வந்து பெட்டி கட்ட வேண்டும். அதற்குள் சாப்பாட்டு நேரமாயிற்று. நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று அந்த அதிகாரிகளையும் மேசைக்கு அழைத்தார். கணவனைக் கொண்டுபோக வந்தவர்களுக்கு எப்படிச் சோறு போட்டீர்கள் என்று பிற்காலத்தில் பலர் வியந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியே மக்தாவுக்குப் புரியவில்லை. சாப்பாட்டு நேரம், எல்லோருக்கும் பசி, சாப்பாடு தயாராக இருந்தது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதிகாரிகள் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். செய்தி பரவி ஊரார் வரிசையாக வந்தார்கள். சாப்பிடாமல் சேமித்து வைத்திருந்த மத்தி மீன் டப்பா, சோப்பு, மெழுகுவர்த்தி, கம்பளிக் காலுறை. ஒருவர் கழிவறைத் தாள் சுருள் ஒன்று கொடுத்தார். முகாமில் போய் விரித்துப் பார்த்தால் அதில் வேத வசனங்கள் எழுதியிருந்தன. தெயிசும், ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ரோஜே தார்சிசாக்கும் அதே இரவில் கைதானார்கள்.

லிமோஜ் நகருக்கு அருகே இருந்த அந்த முகாமில் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள் அடைபட்டிருந்தார்கள். இரண்டு போதகர்களும் அங்கே ஆராதனையும் விவாதக் கூட்டமும் நடத்தினார்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து விடுதலை ஆணை வந்தது. மார்ஷலின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போகலாம். போதகர்கள் இருவரும் மறுத்தார்கள். வாசல்வரை வந்த விடுதலையை விட்டுவிட்டுத் திரும்பி முகாமுக்குள் போனார்கள். மாரி துரானின் கதை வீண்போகவில்லை. மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, கையெழுத்து இல்லாமலே விடப்பட்டார்கள்.

இந்தக் கதையில் எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1943 ஜூன் 29 அன்று ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டப்போ, மாணவர் விடுதியான ரோஷ் இல்லத்தை வளைத்தது. அதன் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், முப்பது வயதைக் கடந்த இதய நோயாளி. அவர் அப்போது வேறோர் இல்லத்தில் சிறுபிள்ளைகளோடு இருந்தார். காட்டுக்குள் ஓடியிருக்கலாம். என் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தார், மாணவர்களோடு அவரும் கொண்டுபோகப்பட்டார். 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். அன்று பிடிபட்டவர்களில் ஒரு ஸ்பானிய மாணவன் விடுவிக்கப்பட்டான். சில வாரங்களுக்கு முன் லின்யோன் ஆற்றில் மூழ்கிய ஒரு ஜெர்மன் சிப்பாயை அவன் காப்பாற்றியிருந்தான். ஊரில் ஒரு விடுதியில் காயம் ஆறத் தங்கியிருந்த ஜெர்மன் வீரர்களிடம் மக்தா ஓடிப்போய், நீங்கள் வந்து சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டு அவனை மீட்டார். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே, முன்பு ஆப்பிரிக்காவின் லம்பரெனே மருத்துவமனையில் ஆல்பர்ட் ஷ்வைட்சரோடு பணிசெய்தவர், 1944 ஆகஸ்டில் லியோன் நகருக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆகஸ்டில் ழான்-பியேர், சாக்லேட் கொடுத்த அந்தப் பையன், ஒரு விபத்தில் இறந்துபோனான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காத்த வீட்டில் சொந்தப் பிள்ளை போய்விட்டான். த்ரோக்மே அதற்கு விளக்கம் தேடவில்லை, கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்ளவுமில்லை. அந்தத் துக்கத்தை அப்படியே சுமந்தார். போதகர்கள் துக்க வீட்டில் விளக்கம் சொல்ல அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

இறையியல் மாணவர்களுக்காக ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கப் பொய்யான அடையாளச் சீட்டுகள். ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர், இருபது வயதுகூட நிரம்பாதவர், ஒரு பண்ணையில் தங்கிப் போலி ஆவணங்களைத் தயாரித்தார். தேடுதல் வந்தால் அவை தேனீப் பெட்டிகளுக்குள் போய்விடும். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த சபையார் இதை எப்படி ஏற்றார்கள்? மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. நல்ல காரியத்துக்காகச் சொல்வது பொய்யே இல்லை என்று யாரும் தத்துவம் பேசவில்லை. உயிரைக் காக்க வேறு வழியில்லை என்று செய்தார்கள், பொய்யைப் பொய் என்றே அழைத்தார்கள், பாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டார்கள். த்ரோக்மே தலைமறைவாக இருந்தபோது அவரிடமும் வேறு பெயரில் ஒரு சீட்டு இருந்தது. லியோன் ரயில் நிலையத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டபோது, இதுதான் உன் உண்மைப் பெயரா என்று நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது என முடிவுசெய்திருந்தார். அவர்கள் கேட்பதற்குள் கூட்டத்தில் நழுவித் தப்பினார். இந்த இடத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு முரண் இருக்கிறது, மறுக்க முடியாது. சுத்தமான கையோடு நிற்பதா, பிள்ளையின் உயிரா என்று வந்தபோது அந்தச் சபை பிள்ளையின் பக்கம் நின்றது. சரி என்றே நான் சொல்வேன்.

இன்னொன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. இவ்வளவு பேர் தங்கள் கைக்குள் வந்தும் அவர்களை மதம் மாற்ற அந்தச் சபை முயலவில்லை. பிள்ளைகள் யூதப் பண்டிகைகளைக் கொண்டாட இடம் கொடுத்தார்கள். அகதிகள் வருவதைக் கடிதத்தில் தெரிவிக்கும்போது பழைய ஏற்பாடுகள் இத்தனை வருகின்றன என்று எழுதுவார்களாம். அந்த மேட்டுநிலத்தில் டார்பியர் என்று இன்னொரு கண்டிப்பான சபைப் பிரிவினரும் இருந்தார்கள். வேதாகமத்தின் மக்கள் தங்கள் வாசலில் நிற்கிறார்கள் என்ற மரியாதையோடு அவர்கள் கதவைத் திறந்தார்கள். கத்தோலிக்கரும், மதமே இல்லாதவர்களும் உதவினார்கள். கையறுநிலையில் இருப்பவனிடம் சோற்றையும் பிரசங்கத்தையும் ஒரே தட்டில் வைப்பது அன்புக்கு அழகில்லை. கிறிஸ்துவின் பெயரை வாயால் சொல்லாத ஓர் ஊழியம் அங்கே நான்கு ஆண்டுகள் நடந்தது.

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த மேட்டுநிலம் முழுவதையும் சேர்த்து 5,000 பேர் வரை, அவர்களில் 3,000க்கு மேற்பட்டோர் யூதர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குறைத்துச் சொல்வோரும் உண்டு. பதிவேடு வைத்தால் ஆபத்து என்ற நிலையில் துல்லியக் கணக்கு எப்படிக் கிடைக்கும்? 1990இல் எருசலேமின் யாத் வஷேம் நினைவு நிறுவனம் அந்த வட்டார மக்கள் அனைவரையும் சேர்த்தே கௌரவித்தது. 2020 டிசம்பரில் எரிக் ஷ்வாம் என்ற முதியவர் 90 வயதில் இறந்தபோது, ஏறத்தாழ 20 லட்சம் யூரோவை அந்த ஊருக்கு எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. வியன்னாவிலிருந்து தப்பி, 1943இல் பெற்றோருடன் அங்கே வந்து சேர்ந்த சிறுவன் அவர். ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே அமர்ந்திருக்கும் இறையியல் மாணவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் பட்டம் பெற்றதும் நகரத்துப் பெரிய ஆலயத்தை எதிர்பார்ப்பீர்கள். பஸ் வசதி குறைந்த ஏதோ ஒரு சேகரத்துக்கு உங்களை அனுப்புவார்கள். அங்கே ஆராதனைக்கு அறுபது பேர் வரலாம், வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எட்டுப் பேர் வரலாம். போன முதல் ஆண்டிலேயே அந்த எட்டுப் பேரை உட்காரவைத்து வேதத்தை வாதாடிப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். ஒவ்வொரு தெருவிலும் யார் பட்டினி, யார் தனிமை என்பதைத் தெரிந்து வைத்திருக்க அவர்களைப் பழக்குங்கள், அந்தத் தெருவில் நம் சபையைச் சேராதவர்களையும் சேர்த்தே. நெருக்கடி வந்த பிறகு இவற்றைத் தொடங்க நேரமிருக்காது.